பாலைவனத்து முற்றமும் ஆறு மணி நேரக் கணக்கும்



காங்கிரீட் டெக்னாலஜி பாடத்தில் 'க்யூரிங்' என்று ஒரு சின்னப் பகுதி வருகிறது. வகைகளை வரிசையாக எழுதி, பாத்தி கட்டுவதற்கு ஒரு படம் போட்டுவிட்டால் மார்க் கையில். நாம் யாரும் அதற்கு மேல் அதைப்பற்றி யோசிப்பதில்லை. ஆனால் அந்த அரைப் பக்கத்தை நம்பித்தான் மொத்த வேலையும் நிற்கிற ஊர்கள் இருக்கின்றன. டிப்ளமோவில் சேருவதற்கு முன்பு மூன்று வருஷம், அபுதாபி எமிரேட்டில் அல் ஐன் பக்கம் வீடு கட்டும் வேலையில் உதவியாளாக இருந்தேன். நம்மில் பலர் படித்து முடித்ததும் போகப் போவது அந்தப் பக்கம்தான் என்பதால், அங்கே ஒரு காங்கிரீட் முற்றம் போடும் வேலையை முதலிலிருந்து கடைசி வரை எழுதுகிறேன்.

அங்கே வீடுகளில் சுற்றுச்சுவருக்கு உள்ளே திறந்த முற்றம் ஒன்று இருக்கும். அரபியில் 'ஹோஷ்' என்பார்கள். டிராயிங்கில் 'பாட்டியோ' என்று போட்டிருக்கும். வெயில் தாழ்ந்ததும் வீட்டார் அங்கேதான் பாய் விரித்து உட்கார்ந்து கஹ்வா குடிப்பார்கள். பார்க்கப் போனால் என்ன பெரிய வேலை? நாலு இஞ்சு தளம். பீம் கிடையாது, காலம் கிடையாது, கம்பி கட்டுகிற வேலைகூட அனேகமாகக் கிடையாது. ஆனால் பத்து மாடிக் கட்டடத்தின் தூண் தப்பித்துவிடும், இந்த நாலு இஞ்சு தளம் விரிசல் விட்டுவிடும். தூணுக்கு நாலு பக்கமும் ஷட்டரிங் பலகை சட்டை போட்ட மாதிரி மூடியிருக்கும். 6 மீட்டருக்கு 5 மீட்டர் முற்றத்தில் இருப்பது மொத்தமே 3 கன மீட்டர் காங்கிரீட், அதில் வானத்தைப் பார்த்துக் கிடக்கிற முகம் மட்டும் 30 சதுர மீட்டர். தண்ணீர் தப்பி ஓட இதைவிட நல்ல வழி வேண்டாம்.

முதலில் இடம். அல் ஐன் 24 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. ஜூன் கடைசியில் நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும். அந்த நேரம் எந்தச் சுவரும் நிழல் தராது, அதற்குப் பந்தல்தான் போட வேண்டும். ஆனால் முற்றத்தில் உட்காருவது சாயங்காலம்தானே? அதனால் வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் போட்டால் மதியத்துக்கு மேல் வீடே குடை பிடிக்கும். மேற்குப் பக்கம் போட்டால் மாலை வெயில் முழுக்கத் தளத்தில் இறங்கி, ராத்திரி பத்து மணி வரைக்கும் அடுப்புக்கல் மாதிரி வெளியே விடும். வெறும் வெயிலில் கிடக்கிற தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும், வெறுங்காலை வைக்க முடியாது. அதனால்தான் பிரவுன், கறுப்பு என்று கலர் தூவி அச்சுக் குத்துகிற அலங்காரத் தளத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சாதாரண வெளிர் சாம்பல் நிறமே உத்தமம்.

அடுத்தது மண். பாலைவனத்தில் மணலுக்குப் பஞ்சமில்லை என்று நினைப்போம். அந்த மணல்மேட்டு மணல் காற்றில் உருண்டு உருண்டு ஒரே அளவில், மைதா மாதிரி நைசாக இருக்கும். தனியாகக் கலவைக்கு ஆகாது. மலைக்கல் உடைத்த கிரஷர் மணலோடு ஓரளவு சேர்த்துத்தான் பயன்படுத்துவார்கள். நமது சல்லடைச் சோதனை வளைகோடு சும்மா ரெக்கார்டு நோட்டுக்காக இல்லை என்பது எனக்கு இங்கே வந்து படித்தபோதுதான் புரிந்தது. தளத்துக்கு அடியிலும் அந்த மணலை அப்படியே விடக்கூடாது. தண்ணீர் விட்டு, 150 மில்லிமீட்டர் அடுக்கு அடுக்காக பிளேட் காம்பாக்டர் ஓட்டி இறுக்கி, அதன்மேல் 100 மில்லிமீட்டர் உடைகல் பரப்பி மறுபடியும் இறுக்க வேண்டும்.

கடற்கரைப் பக்கம் போனால் இன்னொரு தொல்லை. அங்கே 'சப்கா' என்கிற உப்புத்தரை. நிலத்தடி நீர் உப்போடு மேலே ஏறிக் காய்ந்து வெள்ளை பூத்துக் கிடக்கும். அந்த இடத்தில் சல்பேட்டுக்கும் குளோரைடுக்கும் தடுப்பாகத் தளத்துக்கு அடியில் பாலித்தீன் ஷீட் கட்டாயம். கம்பிவலையையும் தவிர்த்துவிட்டு, வேண்டுமானால் பாலிபுரோப்பிலீன் இழை சேர்ப்பது நல்லது. அல் ஐன் மாதிரி உள்நாட்டில் உப்பு இல்லாத தரையாக இருந்தால், ஷீட் போடாமல் உடைகல் படுகையை நன்றாக நனைத்துவிட்டுப் போடுவதே எனக்குப் பிடித்த முறை. ஷீட் இருந்தால் அடிப்பக்கம் ஈரமாகவே நிற்கும், மேல்பக்கம் காயும், தளத்தின் ஓரம் அப்பளம் மாதிரி தூக்கிக்கொள்ளும். நனைக்கும்போது ஈரம் இருக்க வேண்டும், குட்டை நிற்கக் கூடாது.

'மழையே பெய்யாத ஊரில் வாட்டம் எதற்கு?' என்று கேட்கிற ஆள் எந்த சைட்டிலும் ஒருத்தர் இருப்பார். 2024 ஏப்ரல் 16 அன்று அல் ஐன் பகுதியில் கத்ம் அல் ஷக்லா என்ற இடத்தில் 24 மணி நேரத்துக்குள் 254.8 மில்லிமீட்டர் மழை பதிவானது. நமது 30 சதுர மீட்டர் முற்றத்தில் மட்டும் அது 7,600 லிட்டருக்கு மேல். வாட்டம் தப்பாக இருந்தால் அத்தனையும் ஹாலுக்குள் வரும். மீட்டருக்கு 15 மில்லிமீட்டர் வீதம், 5 மீட்டருக்கு 75 மில்லிமீட்டர், வீட்டை விட்டு வெளிப்பக்கமாக. டியூப் மட்டம் பார்த்து நூல் பிடித்து, ஷட்டரிங் பலகையின் மேல்மட்டத்திலேயே இந்த வாட்டத்தைக் கொடுத்துவிட வேண்டும். போடும்போது பார்த்துக்கலாம் என்பது நடக்காது. சுற்றுச்சுவரில் தண்ணீர் வெளியேற ஓட்டை விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள், பல வீடுகளில் மறந்திருப்பார்கள்.

இப்போது முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். ஐ.எஸ். 7861, காற்று 40 டிகிரிக்கு மேல் போனால் 'ஹாட் வெதர்' என்கிறது. வேலூர்க்காரர்களுக்கு மே மாதத்தில் இது புதுசில்லை. ஆனால் தளத்தை உடைப்பது வெப்பம் மட்டும் அல்ல. காற்றின் வறட்சியும் வேகமும் சேர்ந்து மூன்று பேராக வந்துதான் அடிக்கிறார்கள். இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 1998-ல் பால் யூனோ என்பவர் ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார்:

ஆவி = 5 × [(கா + 18)^2.5 − ஈ × (வெ + 18)^2.5] × (வே + 4) ÷ 10,00,000

'கா' என்பது காங்கிரீட்டின் வெப்பம், 'வெ' காற்றின் வெப்பம், இரண்டும் டிகிரி செல்சியஸில். 'ஈ' என்பது காற்றின் ஈரப்பதம், 15 சதவீதம் என்றால் 0.15. 'வே' காற்றின் வேகம், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று. விடை, ஒரு சதுர மீட்டரிலிருந்து ஒரு மணி நேரத்தில் எத்தனை கிலோ தண்ணீர் பறக்கிறது என்பது. இது 1 கிலோவை நெருங்கினாலே எச்சரிக்கை மணி. காங்கிரீட்டுக்குள்ளிருந்து மேலே ஊறிவரும் 'பிளீடிங்' தண்ணீர் அதற்கு ஈடு கொடுக்க முடியாமல், இன்னும் இறுகாத மேல்தோல் சுருங்கிப் பிளந்துவிடும்.

ஒரு கோடைக்காலை பதினொரு மணியை எடுத்துக்கொள்வோம். காற்று 42, காங்கிரீட் 35, ஈரப்பதம் 15 சதவீதம், காற்று மணிக்கு 20 கிலோமீட்டர். விடை 1.95. நமது முற்றத்துக்கு மணிக்கு 58 லிட்டர். கலவையில் நாம் ஊற்றியதே மொத்தம் 525 லிட்டர்தான்! அதே முற்றத்தை ராத்திரி ஒன்பது மணிக்குப் போடுவோம். காற்று 32, காங்கிரீட் 30, ஈரப்பதம் 40, காற்று வேகம் 6. விடை 0.44, மணிக்கு 13 லிட்டர். அதே சிமெண்ட், அதே ஜல்லி, அதே ஆட்கள். கடிகாரத்தை மட்டும் மாற்றியிருக்கிறோம்.

இன்னொன்று செய்து பாருங்கள். பகல் கணக்கில் வேறு எதையும் தொடாமல் காற்றின் வேகத்தை மட்டும் 20-லிருந்து 5 ஆக்குங்கள். 1.95 என்பது 0.73-க்கு இறங்கிவிடும். ஷமால் காற்று வருகிற வடமேற்குப் பக்கம் ஆள் உயரத்துக்குத் தார்ப்பாய் கட்டுவதற்கு அவ்வளவு பலன். செலவு கம்மியான வேலைதான் எப்போதும் விட்டுப்போகும்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. எங்கள் சைட்டுக்குப் பக்கத்தில் வேறொரு கான்ட்ராக்டர், ஜூலையில் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு வண்டியை வரவழைத்து முற்றம் போட்டார். பன்னிரண்டு மணிக்குள் அரை மீட்டருக்கு ஒன்றாக, ஒரே திசையில் சாய்வாக, சீப்பு வைத்து வாரின மாதிரி விரிசல். கொத்தனார் சிமெண்ட் பால் தேய்த்து மூடினார். சாயங்காலம் எல்லாம் மறுபடி எழுந்து நின்றது. ஒரு வாரத்தில் உடைத்து அள்ளச் சொல்லிவிட்டார்கள். போட்டவர்களும் அள்ளியவர்களும் ஒரே ஆட்கள்தான். உடைத்த நாளுக்கு அவர்களுக்குச் சம்பளம் வரவில்லை.

காங்கிரீட்டைக் குளிர வைப்பது எப்படி? ஜல்லி, மணல், சிமெண்ட் இவற்றின் வெப்ப ஏற்புத்திறன் 0.22, தண்ணீருக்கு 1. பெருக்கிக் கூட்டி வகுத்தால் கலவையின் வெப்பம் வரும். கன மீட்டருக்கு 350 கிலோ சிமெண்ட், 1,850 கிலோ ஜல்லியும் மணலும், 175 லிட்டர் தண்ணீர் என்று வைப்போம். ஜல்லி வெயிலில் கிடந்து 45, சிமெண்ட் 50, மாடித் தொட்டித் தண்ணீரும் 45. கலவை 45.6 டிகிரி. 40-ஐத் தாண்டக் கூடாது என்பது ஐ.எஸ். விதி, அங்கே பல வேலைகளில் 32 என்றே எழுதியிருப்பார்கள். இப்போது ஜல்லிக் குவியலுக்கு நிழல் கட்டி, மேலே லேசாகத் தண்ணீர் தெளித்து 35-க்குக் கொண்டுவந்து, தண்ணீர்த் தொட்டியைச் சாக்கு சுற்றி 25-ல் வைத்தால் கலவை 34. ஐஸ் வாங்காமலே பதினோரு டிகிரி குறைந்துவிட்டது. வெயிலில் காய்ந்த அந்தப் பழைய ஜல்லிக்கே, 175 லிட்டரில் 75 கிலோவை ஐஸாகப் போட்டால் 31.4. ஐஸ் கரையும்போது கிலோவுக்கு 80 கிலோ கலோரி உறிஞ்சுவதால் வரும் லாபம் இது. கலந்து முடிவதற்குள் ஐஸ் முழுக்கக் கரைந்திருக்க வேண்டும். ஜல்லிமேல் தெளித்த தண்ணீரையும் கலவைத் தண்ணீர்க் கணக்கில் கழிக்க வேண்டும், மறந்தால் எல்லாம் வீண்.

ஏனென்றால் சைட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே மருந்து 'இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்து' என்பதுதான். சூட்டில் கலவை சீக்கிரம் இறுகும், தள்ளுகிற ஆளுக்குக் கை வலிக்கும், டிரம்முக்குள் ஹோஸ் போய்விடும். கன மீட்டருக்கு 5 லிட்டர் கூடுதலாக ஊற்றினால் ஸ்லம்ப் சுமார் 25 மில்லிமீட்டர் ஏறும், வலிமையில் சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1 நியூட்டன் போகும். பிறகு காய்ந்து சுருங்குவதும் அதிகமாகும். எங்கள் மேஸ்திரி அண்ணன், அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், படித்தது எட்டாவது. வண்டி வந்ததும் ஹோஸ் இருக்கிற பக்கம் போய் நின்றுகொள்வார். "தம்பி, ஆளுக்குத் தண்ணி குடு, கலவைக்குக் குடுக்காத" என்பார். ரிடார்டர், பிளாஸ்டிசைசர் எல்லாம் பிளான்ட்டிலேயே அளந்து போட்டு வரட்டும், சைட்டில் கை வைக்க வேண்டாம் என்பது அவர் சட்டம்.

ஆளுக்குத் தண்ணீர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அமீரகத்தில் ஜூன் 15-லிருந்து செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை நேர் வெயிலில் வேலை வாங்கக் கூடாது. ஆனால் தள்ளிப்போட முடியாத வேலைகளுக்கு விதிவிலக்கு உண்டு, அதில் காங்கிரீட் ஊற்றுவதும் ஒன்று. பெரிய ஃபவுண்டேஷன் என்றால் பாதியில் நிறுத்த முடியாது, நியாயம். ஆனால் 3 கன மீட்டர் முற்றத்தைத் தள்ளிப்போட முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது திட்டம் போடத் தெரியாதவர் பேச்சு. தளம் தண்ணீர் இழக்கிற அதே வெயிலில், அதே காற்றில், அதைத் தள்ளுகிற மனுஷனும் தண்ணீர் இழக்கிறான். நாளைக்கு சூப்பர்வைசராக நிற்கப்போவது நாம்தான். நேரத்தைக் குறிப்பது நம் கையில் இருந்தால், மேலே போட்ட கணக்கைக் காட்டியே பகல் வேலையை மறுக்கலாம். "ஆள் பாவம் சார்" என்றால் கேட்காத முதலாளி, "தளம் விரிசல் விடும் சார்" என்றால் கேட்பார். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் பலிக்கிறது.

விடியற்காலை போடலாமே என்பீர்கள். போடலாம், மத்தியானத்தை விட மேல்தான். ஆனால் விடியலில் போட்ட தளம் இறுகி, சிமெண்ட் தன் சொந்தச் சூட்டை வெளியிடும் நேரத்தில் உச்சி வெயிலும் சேர்ந்துகொள்ளும். இரவு ஒன்பதுக்குப் போட்டால் அந்தச் சூடு குளிர்ந்த நேரத்தில் கழிந்துவிடும். பகல் முழுக்கச் சுட்ட ஷட்டரிங்கையும் படுகையையும் சாயங்காலமே நனைத்துவிட வேண்டும். விளக்கு வெளிச்சம், அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை, இரண்டும் வேண்டும். பிளான்ட்டில் கலந்த நேரம் டெலிவரி சீட்டில் இருக்கும், அதிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் இறக்கிவிடுங்கள்.

வீட்டுச்சுவரிலிருந்து எதிர்ப்பக்கமாகப் பட்டை பட்டையாகப் போட்டு வரவேண்டும். ஒருத்தர் கொட்ட, இரண்டு பேர் பரப்ப, இரண்டு பேர் மட்டக்கட்டை இழுக்க, கொத்தனார் பின்னாலேயே மரக்கட்டை தேய்க்க. இழுத்து முடித்த பட்டையைத் திறந்துபோட்டுவிட்டு அடுத்ததுக்கு ஓடக் கூடாது, பாலித்தீன் ஷீட்டை மேலே தற்காலிகமாக விரித்துக்கொண்டே வர வேண்டும். நம் ஊர்க் கொத்தனார்களின் பழக்கம் ஒன்று உண்டு. மேல்பக்கம் காய்ந்தால் கையால் தண்ணீர் தெளித்து, உலர்ந்த சிமெண்ட் தூவி, கரணையால் பளபளவென்று தேய்ப்பார்கள். முற்றத்துக்கு அது எமன். மேல்தோல் தனியாகப் பலவீனமாகி நாளைக்கு மாவாக உதிரும், அதோடு வழுக்கும். மரக்கட்டை முடிந்ததும், வாட்டம் ஓடுகிற திசையில் துடைப்பத்தால் லேசாக ஒரு இழுப்பு இழுத்தால் போதும்.

ஜாயின்ட் முன்னாலேயே டிராயிங்கில் இருக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் தளத்துக்கு இரண்டரை மீட்டருக்கு மேல் போகாமல், 6-ஐ மூன்றாகவும் 5-ஐ இரண்டாகவும் பிரித்தால் 2 × 2.5 மீட்டரில் ஆறு கட்டம். தளம் எப்படியும் சுருங்கும், எங்கே விரிசல் விட வேண்டும் என்று நாம் கோடு போட்டுக் கொடுக்கிறோம். கனத்தில் கால் பங்கு, அதாவது 25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அறுப்பு. ராத்திரி போட்ட தளத்தை விடிவதற்குள், வெயில் படுவதற்கு முன் அறுத்துவிட வேண்டும். ஓரத்து ஜல்லி பெயராத அளவு இறுகியிருந்தால் அறுக்கலாம். வீட்டுச்சுவரை ஒட்டி 12 மில்லிமீட்டர் பில்லர் போர்டு தனி, அது சுவரையும் தளத்தையும் ஒட்டவிடாமல் பிரிப்பதற்கு.

இனி அந்தச் சின்னப் பகுதி. ஐ.எஸ். 456 சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஏழு நாள் என்றாலும், வறண்ட வெப்பமான இடத்தில் பத்து நாளுக்குக் குறையக் கூடாது என்கிறது. ஃபிளை ஆஷ், ஸ்லாக் கலந்திருந்தால் பதினாலு. துடைப்ப இழுப்பு தாங்குகிற நிலை வந்ததுமே நனைத்த சாக்கை விரித்து, அதன்மேல் வெள்ளை பாலித்தீன் மூடி, ஓரத்தில் மணலோ பலகையோ வைத்து அழுத்திவிட வேண்டும். வெறும் சாக்கு மட்டும் போட்டால் அங்கே அரை மணியில் காய்ந்து, திரி மாதிரி தளத்திலிருந்தே தண்ணீரை உறிஞ்சும். நம் ஊரில் பாத்தி கட்டி நிறுத்துவது நல்ல முறைதான், ஆனால் வாட்டம் கொடுத்த தளத்தில் மேல்முனையில் தண்ணீர் நிற்காது. கிணற்று உப்புத்தண்ணீர் வேண்டாம். டேங்கரில் வந்த ஜில் தண்ணீரைச் சுடுகிற தளத்தில் திடீரென்று கொட்டவும் வேண்டாம், தளத்தைவிட 11 டிகிரிக்கு மேல் குளிர்ந்திருந்தால் அந்த அதிர்ச்சியே விரிசல் விடவைக்கும். ஒரு நாளைக்கு நாலு முறை ஷீட்டைத் தூக்கிக் கைவைத்துப் பார்க்க ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள். எல்லாரும் பார்ப்பார்கள் என்றால் விடுமுறை நாளில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

பத்து நாள் கழித்து மூடினதை எடுத்ததும், மேல்முனையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி எங்காவது தேங்குகிறதா என்று பாருங்கள். அடுத்து ஜாயின்ட்டுகளை ஊதிச் சுத்தம் செய்து சீலன்ட் வைக்க வேண்டும். பாலைவனத்தில் இது விடக்கூடாத வேலை. 6 மீட்டர் தளம், 40 டிகிரி வித்தியாசத்துக்கு 2.4 மில்லிமீட்டர் நீளும், சுருங்கும். குளிர்ந்த இரவில் ஜாயின்ட் திறக்கும், மணல் உள்ளே இறங்கும். மறுநாள் வெயிலில் மூட இடமில்லாமல் ஓரம் உடைந்து தெறிக்கும். சீலன்ட்டையும் வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே வைத்து, ஒரு நாள் யாரையும் மிதிக்கவிடாமல் கயிறு கட்டிவிடுங்கள்.